மகர ராசிப் பதக்கத்துக்கு ஆட்டு உருவம் பொருந்துமா?

மகர ராசியில் பிறந்த மகளுக்குத் தங்கத்தில் ராசிப் பதக்கம் செய்யக் கேட்டபோது கடைக்காரர் ஆட்டின் படத்தைக் காட்டியதாகவும், அது சரிதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நகைகளுக்கு உருவம் வரைந்து கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் நான். ஆட்டை விட்டுவிட்டு மகரத்தையே செய்யச் சொல்லுங்கள்.

அந்தப் படம் மேலை நாட்டு ராசிச் சின்னம். முன்பாதி ஆடும் பின்பாதி மீனுமாகப் பாபிலோனியாவில் பிறந்த உருவம் அது. நகைப் படங்களில் பல நேரம் மீன் வாலும் உதிர்ந்து வெறும் ஆடாகிவிடுகிறது. அவர்களுடைய கணக்கில் ஜனவரி 5-இல் பிறந்த குழந்தை மகரம். நம் பஞ்சாங்கத்திலோ தை பிறக்கும்போதுதான் சூரியனே மகரத்துக்குள் நுழைகிறது, அதோடு ஒருவரின் ராசியை நாம் சந்திரன் நின்ற இடத்தைக் கொண்டே சொல்கிறோம். ஆகவே, மகளின் ராசி ஜாதகத்தில் பார்த்ததா, பிறந்த தேதியை வைத்து இணையத்தில் பார்த்ததா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நம் சிற்பிகளின் மகரம் யானையின் துதிக்கையும் முதலையின் தாடையும் மீனின் உடலும் சேர்ந்தது. அதன் வால் இலைக்கொடியாகச் சுருண்டு மேலே எழும். தென்திருப்பேரைப் பெருமாளுக்கு, மகர வடிவில் நீண்ட காதணி அணிந்தவர் என்ற பொருளில், மகர நெடுங்குழைக்காதன் என்றே பெயர், அந்த அளவுக்கு இந்த உருவம் நகையோடு ஒன்றியது. சோழர் காலக் கோயில் சுவர்களில் தெய்வ உருவங்கள் நிற்கும் மாடங்களான கோட்டங்களுக்கு மேலுள்ள மகர தோரணங்களைக் கவனித்தால், இரு மகரங்களின் வாயிலிருந்தும் வளைவு புறப்பட்டு நடுவில் கூடுவதைக் காணலாம். பதக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தெரியவில்லை: எதிரெதிரே இரண்டு மகரங்கள், அவற்றின் சுருள் வால்களே சங்கிலி கோக்கும் வளையங்கள், நடுவில் ஒரே ஒரு கல். மகரத்தின் அதிபதி சனி என்பதால் நீலம் பதிக்கலாம். ஜோதிடரைக் கேட்காமல் நீலம் அணியத் தயங்கும் குடும்பங்கள் பல உண்டு. அப்படியானால் கண்களுக்கு மட்டும் சிறு சிவப்புக் கற்கள் போதும்.

எல்லா ராசி விலங்கும் இவ்வளவு எளிதில் வசப்படுவதில்லை. விருச்சிகத்தின் கால்களை உடலோடு ஒட்டி மடக்காவிட்டால் புடவை நூலை இழுத்துவிடும். கடகத்தின் இடுக்கிகளுக்கிடையே முத்து வைப்பது அழகுதான், ஆனால் முத்து மென்மையானது. பதக்கத்தில் நிலைக்கும், மோதிரத்தில் உரசித் தேய்ந்துவிடும்.

சிறிய பரப்பில் விலங்கைத் தெளிவாகக் காட்டுவதற்கு முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1618-இல் தொடங்கிய ராசி நாணயங்கள் நல்ல பாடம். சுமார் 2 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு விலங்கும் அதன் பின்னே சூரியக் கதிர்களும் மட்டுமே இருக்கும். பூவும் கொடியும் சேர்த்து இடத்தை நிரப்ப ஆசாரி விரும்பினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எடை அரைப் பவுனுக்குள் இருக்க வேண்டுமென்றால் ஒரே மகரமாகச் செய்துகொள்ளுங்கள். இரண்டாகச் செய்தால் தகடு மெலிந்து துதிக்கையும் வாலும் நசுங்கும். அதையும் முதலில் வெள்ளியில் மாதிரியாகச் செய்து, மகளின் கழுத்தில் போட்டுப் பார்த்த பிறகு தங்கத்துக்குப் போவது நல்லது. உள்ளே அரக்கு நிரப்பிய வேலையாக இருந்தால் அரக்கின் எடையைத் தனியே கழித்து ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.