நடுவில் வரும் பந்து யாருடையது?

கேள்வி: சம்பளத்துக்கு ஆள் எடுத்து ஹாக்கி அணி நடத்துகிறோம். பயிற்சி காட்பாடியில், மண் தரையில். போட்டிகள் சென்னையில், டர்ஃப் என்கிற செயற்கைப் புல்தரையில். கோலுக்கு முன்னால் ஜோடியாக நின்று தடுக்கும் ஃபுல்பேக் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் டிராக் ஃபிளிக் (பந்தை ஸ்டிக்கால் இழுத்து வலைக்குள் வீசுவது) அடிப்பார், ஓட்டம் கம்மி. மற்ற இருவரும் வேகமானவர்கள். இன்னொரு ஃபிளிக்கரையும் எடுக்கச் சொல்கிறார் ஒரு ஏஜென்ட். யாரை யாரோடு சேர்ப்பது?

பதில்: முதலில் ஏஜென்டுக்குக் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். அவர் செல்போனில் காட்டும் வீடியோவில் பந்து வலைக்குள் போவது மட்டும்தான் இருக்கும். அதே ஆள் எதிரணி ஃபார்வர்டைத் துரத்த முடியாமல் நிற்பது இருக்காது. முழு ஆட்டத்தையும் கேட்டுப் பாருங்கள். "அனுப்புறேன் சார்" என்பார், வராது. நானே ஒரு டோர்னமென்டுக்கு இப்படி ஒரு 'கெஸ்ட்'டை, அதாவது வெளியாளை, இறக்கி, முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தேர்வுக்குழுக்களும் இதே கதைதான். அடித்த கோலை எண்ணுவார்கள். தடுத்த கோலுக்கு ஸ்கோர் ஷீட்டில் கட்டமே கிடையாது!

இப்போது ஜோடி. ஃபிளிக்கர் வலது, வேகமானவர்களில் ஒருவர் இடது. ஹாக்கியில் எல்லா ஸ்டிக்கும் வலக்கைக்காரர் ஸ்டிக்தான். அதனால் இரண்டு பேக்குகளுக்கு நடுவில் வரும் பந்து வலது பேக்குக்கு ரிவர்ஸ் பக்கம் (ஸ்டிக்கைத் திருப்பித்தான் எடுக்க வேண்டும்), இடது பேக்குக்கு நேர்ப்பக்கம். அது இடது ஆளின் பந்து. தன் கோட்டோரத்தையும் ரிவர்ஸில் காத்து, நடுவையும் அடைக்க அவருக்குக் கால் வேண்டும். வலது பேக் எதிராளியைக் கோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டே போனால் போதும், மெதுவான ஆளும் சமாளிப்பார்.

இரண்டு வேகக்காரர்களையும் சேர்த்துப் போடாதீர்கள். இருவரும் பந்துக்குப் பாய்வார்கள், பின்னால் கீப்பர் மட்டும் நிற்பார். ஒரே ஒரு விதிவிலக்கு: இருவரும் சின்ன வயதிலிருந்து ஒரே பள்ளி மைதானத்தில் ஜோடியாக ஆடியிருந்தால். ஒரே பள்ளி என்றால் போதாது, ஜோடியாக ஆடியிருக்க வேண்டும். ஒரே ஹாஸ்டலில் சாப்பிட்டதும் கணக்கில் வராது. சோதிப்பது சுலபம். இருவருக்கும் நடுவே பத்துப் பந்து உருட்டுங்கள். ஒருவர் "எனக்கு" என்று கத்தும்போது மற்றவர் தானாகவே இரண்டடி பின்வாங்குகிறாரா பாருங்கள். பத்துக்கு ஒன்பது முறை நடந்தால் சேர்த்துப் போடுங்கள். இதை மண்ணில் செய்து பயனில்லை. அங்கே பந்து துள்ளித் துள்ளி வரும், யோசிக்க நேரம் கிடைக்கும். டர்ஃபில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மாவட்டப் பையன்களை மண்ணில் வளர்த்துவிட்டு டர்ஃபில் சோதிப்பதை எத்தனை வருஷமாகச் சொல்லியாயிற்று, விடுங்கள்.

ஃபிளிக்கரின் வேலையே பெனால்டி கார்னரில்தான், அதாவது எதிரணியின் தவறுக்கு அவர்கள் கோல் அருகே கிடைக்கும் வாய்ப்பில்தான். அதைக் கொடுத்த பிறகு ஆள் மாற்ற விதி இடம் தராது. அதனால் கடைசி குவார்ட்டரில் ஃபிளிக்கரை வெளியே உட்கார வைக்காதீர்கள்.

மூன்றாவது ஆளை இருவரோடும் மாற்றி மாற்றி ஆட வையுங்கள், ஜோடியில் ஒருவர் திடீரென்று இல்லாமல் போகலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் நம் இந்திய அணியின் தடுப்பாட்டக்காரர் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி, அரையிறுதியிலும் ஆட முடியாமல் போனார். ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றோம். ஏஜென்டுக்கு எடுத்துவைத்த பணத்தில் மூன்று பேரையும் வாரம் ஒருமுறை காட்பாடியில் ரயிலேற்றி, எழும்பூர் டர்ஃபுக்கு அனுப்புங்கள்.