நீரடிமுத்தும் ஒரு பெண்ணின் பெயரும்

செங்கோட்டையிலிருந்து டீச்சர் பதில்கள்

போன இதழில், "சுரண்டைப் பக்கம் காற்றாடி சுற்றுவதைப் பார்த்தால் அன்னா மணியை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. சீட்டு மோசடி பற்றியும் முழங்கால் வலி பற்றியும் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் இந்த அன்னா மணி? காற்றாலையைக் கண்டுபிடித்தவரா டீச்சர்?
(கல்லூரி மாணவி, தென்காசி)

கண்டுபிடித்தவர் இல்லை அம்மா. ஆனால் ஓர் இடத்தில் காற்றாடி நட வேண்டுமென்றால், அங்கே எந்த மாதத்தில், எந்த உயரத்தில், எவ்வளவு வேகத்தில் காற்று அடிக்கிறது என்று யாராவது நாள் தவறாமல் அளந்து எழுதியிருக்க வேண்டும். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று கூரை ஓட்டைக் கிளப்பிவிடும் என்பது நமக்கெல்லாம் தெரியும். ஆனால் "ஓட்டைக் கிளப்பும்" என்ற பேச்சை நம்பி யாரும் கோடிக்கணக்கில் பணம் போடமாட்டார்கள். எண் வேண்டும். அந்த எண்களை இந்தியா முழுவதற்கும் திரட்டியதில் முன்னால் நின்றவர் அன்னா மணி.

1918-ல் பீர்மேட்டில் பிறந்தார். அன்று பீர்மேடும் திருவிதாங்கூர், நம் செங்கோட்டையும் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதானே நாம் இந்தப் பக்கம் சேர்ந்தோம்! அதனால் அவரை எங்கள் நாட்டுப் பெண் என்றே நான் சொல்லிக்கொள்வேன்.

எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரத்தோடு கொடுத்தார்கள். வேண்டாம் என்றார். என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தபோது அவர் கைக்கு வந்தது என்ன தெரியுமா? வைரம்! வைரமும் மாணிக்கமும் ஒளியை எப்படி வாங்கி எப்படி உமிழ்கின்றன என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு நிறமாலை தகட்டில் பதிய 15, 20 மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் காத்திருந்து ஐந்து ஆய்வுக்கட்டுரைகளைத் தனி ஆளாக எழுதினார். ஆய்வேடும் கொடுத்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி டாக்டர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். அந்த ஆய்வேடு இன்றைக்கும் பெங்களூர் ராமன் ஆய்வுக்கழக நூலகத்தில் இருக்கிறது.

1945-ல் இயற்பியல் படிக்கத்தான் லண்டன் போனார். உதவித்தொகை கிடைத்ததோ வானிலைக் கருவிகளுக்கு. சரி என்று அதையே பிடித்துக்கொண்டார். 1948-ல் திரும்பி வந்து புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். கருவிக்கெல்லாம் வெளிநாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. கிட்டத்தட்ட நூறு வகைக் கருவிகளுக்கு வரைபடத்தை ஒழுங்குசெய்து இங்கேயே தயாரிக்க வைத்தார். 1976-ல் ஓய்வு பெற்றார். சூரிய ஒளியைப் பற்றியும் காற்றைப் பற்றியும் அவர் தொகுத்த பெரிய நூல்கள் அதற்குப் பிறகுதான் வெளிவந்தன. 2001-ல் திருவனந்தபுரத்தில் மறைந்தார்.

எங்கள் தாத்தா நாட்டுமருந்துக் கடை வைத்திருந்தார். நீரடிமுத்து கேட்டு வருகிறவர்களைக் கடைக்குள் விடாமல் வாசலிலேயே பொட்டலம் கொடுத்து அனுப்புவாராம். அந்த விதைக்கும் ஓர் அமெரிக்கப் பெண்ணுக்கும் சம்பந்தம் உண்டு என்று நூலகக் கூட்டத்தில் நீங்கள் பேசியதாகச் சொன்னார்கள். விவரமாக எழுதுங்களேன்.
(வாசகர், புளியரை)

இதை எழுதும்போது என் மேசையில் நாலு நீரடிமுத்து விதைகளை வைத்திருக்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம் மரோட்டி என்பார்கள். காய் உருண்டையாக, மேலே பழுப்பு வெல்வெட் துணி போர்த்தியதுபோல இருக்கும். உடைத்தால் உள்ளே விதைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இருப்பதால், ஒவ்வொன்றும் பட்டை பட்டையாக, கோணலாகத்தான் வரும். ஒரு விதையைப் பாக்குவெட்டியில் வைத்து நசுக்கினேன். எண்ணெய் விரலில் ஒட்டி, சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை. மலையாள நாட்டுக் கோயில்களில் இந்தக் காயை இரண்டாக அறுத்து, உள்ளே சுரண்டி, ஓட்டில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு விளக்காக ஏற்றுவார்கள்.

தொழுநோய்க்கு இந்த எண்ணெய் நம் நாட்டில் நெடுங்கால வைத்தியம். உங்கள் தாத்தா ஏன் வாசலிலேயே நிறுத்தினார் என்பது புரிகிறதல்லவா? அவரைக் குறை சொல்லமாட்டேன். அந்தக் காலத்துப் பயம் அப்படி. 19-ஆம் நூற்றாண்டில் இதே இனத்து மரங்களின் எண்ணெய் 'சால்மூக்ரா' என்ற பெயரில் மேல்நாட்டு மருத்துவத்திலும் நுழைந்தது. ஆனால் எண்ணெயோடு அவர்களுக்குப் பெரும் போராட்டம். குடித்தால் குமட்டி வாந்தி எடுக்கும். ஊசியில் ஏற்றினால் தோலுக்கடியில் கரையாமல் கொப்புளம் கொப்புளமாக நின்றுவிடும். ஏற்கெனவே நொந்த உடம்பு, அதன்மேல் இது வேறு.

ஹவாய்த் தீவுகளில் அப்போது தொழுநோய் கண்டவர்களைப் பிடித்து, மொலகாய் என்ற தீவில் கலாவுபாபா என்ற ஒதுக்குப்புறத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு பக்கம் செங்குத்து மலை, மற்ற பக்கமெல்லாம் கடல். 1866-லிருந்து இப்படி. தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்துக் கொண்டுபோனார்கள்.

அந்த ஹவாயில் கல்லூரி ஆசிரியையாக இருந்தவர் ஆலிஸ் பால். 1892-ல் சியாட்டிலில் பிறந்த கறுப்பினப் பெண். 1915-ல் ஹவாய்க் கல்லூரியில் முதுகலை முடித்தார். அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண்ணும் அவர்தான், முதல் கறுப்பினத்தவரும் அவர்தான். மருத்துவமனையில் இருந்த ஹாரி ஹோல்மன் என்ற மருத்துவர் அவரிடம் வந்து, இந்த எண்ணெயை ஊசியில் ஏற்றும்படி செய்து தரமுடியுமா என்று கேட்டார். பகலில் பாடம், மீதி நேரமெல்லாம் எண்ணெய். எண்ணெயிலிருந்து கொழுப்பு அமிலங்களைப் பிரித்தெடுத்து, அவற்றை எரிசாராயத்தோடு வினைபுரிய வைத்து எத்தில் எஸ்டராக மாற்றினார். கெட்டி எண்ணெய் நீர்த்துவிட்டது. ஊசியில் ஏறியது, உடம்பிலும் சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 23.

1916 டிசம்பர் 31-ஆம் தேதி இறந்துபோனார், 24 வயதில். செய்த வேலையைக் கட்டுரையாக எழுதி வெளியிடக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. ஆர்தர் டீன் என்ற வேதியியலாளர், அந்தக் கல்லூரிக்கே தலைவராக இருந்தவர், வேலையைத் தொடர்ந்து நடத்தித் தன் பெயரில் வெளியிட்டார். ஆலிஸ் பெயரை எங்கும் சொல்லவில்லை. 'டீன் முறை' என்றே உலகம் அழைத்தது. 1940-களில் சல்ஃபோன் மருந்துகள் வரும்வரை அந்த ஊசிதான் நோயாளிகளுக்குக் கிடைத்தவற்றில் நல்ல மருந்து.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1922-ல் ஹோல்மன் ஒரு கட்டுரையில் இதை 'பால் முறை' என்று பெயரிட்டே எழுதினார். இறந்த பெண்ணுக்காக வேறு யாரும் வாய் திறக்காதபோது அந்த மனிதர் திறந்தார். அவரையும் மறக்கக்கூடாது. ஆனாலும் ஹவாய்ப் பல்கலைக்கழகம் தன் வளாகத்துச் சால்மூக்ரா மரத்தடியில் ஆலிஸ் பெயரைப் பொறித்துப் பலகை வைத்தது 2000-ஆம் ஆண்டில்தான். 84 வருஷம்!

சந்திர கிரகணத்தை வீட்டிலேயே செய்து பார்க்க முடியுமா?
(ஏழாம் வகுப்பு மாணவன், கடையநல்லூர்)

முடியும் ராசா. சீனாவில் வாங் ஷென்யி என்ற பெண் 18-ஆம் நூற்றாண்டிலேயே செய்து பார்த்திருக்கிறார். விட்டத்திலிருந்து ஒரு விளக்கைத் தொங்கவிட்டார், அது சூரியன். வட்ட மேசை பூமி. வட்டக் கண்ணாடி நிலா. மூன்றையும் மாற்றி மாற்றி நகர்த்தி, நிழல் எப்போது விழுகிறது என்று பார்த்தார். கணிதமும் கவிதையும் எழுதியவர், 29 வயதில் இறந்துவிட்டார். நீ விளக்குக்குப் பதில் டார்ச் வைத்துக்கொள். பூமிக்கு ஒரு கொய்யாக்காய் போதும்.

நீங்கள் சொல்லும் பெண் விஞ்ஞானிகள் எல்லாரும் கேரளத்துக்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களுமாக இருக்கிறார்களே?
(வாசகி, இலஞ்சி)

தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாளையும் கேரளம் என்று தள்ளிவிடுவீர்களோ? கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். கரும்பையும் மக்காச்சோளத்தையும் இனக்கலப்பு செய்து பார்த்தவர். 1984-ல் மதுரவாயலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காலத்திலேயே கண்மூடினார். நான் கணவாய்க்காரி. எனக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தெரியாது.

என் மகளுக்குப் பத்து வயது. கறிவேப்பிலைச் செடிப் புழுவைப் பிடித்து டப்பாவில் வைத்து வளர்க்கிறாள். பெண்பிள்ளைக்கு இது என்ன பழக்கம் என்று மாமியார் திட்டுகிறார்.
(இல்லத்தரசி, புனலூர்)

தினமும் புதுத் தழை போடச் சொல்லுங்கள், மூடியில் ஓட்டை இருக்கட்டும். 1647-ல் ஜெர்மனியில் பிறந்த மரியா சிபில்லா மேரியன் பதின்மூன்று வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். பூச்சிகள் சேற்றிலிருந்து தானாக உண்டாகின்றன என்று பலர் நம்பிய காலம். அவரோ முட்டை, புழு, கூடு, பட்டாம்பூச்சி எல்லாவற்றையும், அது தின்னும் செடியோடு சேர்த்து ஒரே படத்தில் வரைந்தார். 1699-ல், 52 வயதில், இளைய மகளைக் கூட்டிக்கொண்டு கடல் கடந்து தென்னமெரிக்காவின் சுரினாம் போனார். காய்ச்சல் வந்து திரும்பும்வரை இரண்டு வருஷம் காட்டில் புழு தேடினார். 1705-ல் 60 படங்களோடு புத்தகம் வந்தது.

அதில் ஒரு படம் நம் வீட்டு வாசல்களில் நிற்கும் மயில்கொன்றை. பூவின் அழகோடு அவர் நிறுத்தவில்லை. டச்சுக்காரர்களிடம் அடிமைப்பட்டிருந்த பெண்கள், தங்கள் பிள்ளையும் அடிமையாகிவிடக் கூடாதென்று இதன் விதையைத் தின்று கருவைக் கலைத்துக்கொள்வதாக, அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதி வைத்தார். அதைப் படித்தது முதல், கோயில் வாசலில் அந்தச் சிவப்பும் மஞ்சளுமான பூவைப் பார்த்தால் எனக்குக் கால் நின்றுவிடுகிறது. அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் மாமியாரிடம் புழு கூடு கட்டும் அன்று டப்பாவைக் காட்டுங்கள்.

மருந்து கிடைத்தது, காற்றாடி சுற்றுகிறது. பெயர் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?
(ஓய்வுபெற்ற அலுவலர், தென்காசி)

ஐயா, கோபத்தோடு எழுதவில்லை, பட்டதை எழுதுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளி மைதானத்தில் ஒரு மழைமானி இருந்தது. காலை எட்டரை மணிக்குப் புனலைக் கழற்றி, உள்ளே சேர்ந்த தண்ணீரை அளவுக் குடுவையில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கி, வளைவின் அடிப்பகுதியைப் பார்த்துப் படிக்கவேண்டும். சாரல் நாளில் அது சில சொட்டுதான் இருக்கும், அதையும் எழுதவேண்டும். ஞாயிறு, தீபாவளி எதற்கும் விடுமுறை கிடையாது. நானும் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் மூவரும் முறைபோட்டு ஆறு வருஷம் எழுதினோம். பிறகு அந்த விவரம் அச்சாகி வந்தது. கீழே இருந்த பெயர், மழைமானியை ஒருநாளும் தொடாத ஒருவருடையது. எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்தப் பிள்ளைகள் புத்தகத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டித் தங்கள் பெயரைத் தேடினார்கள். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

மறுநாளே பதிவேட்டில் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டேன்: "அளந்தவர்". நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பத்தி காலியாக இருந்ததில்லை.

மரோட்டி மரத்தை நேரில் பார்க்க வேண்டுமே?
(அதே தென்காசி மாணவி)

ஓடையோரம் தேடு. செங்கோட்டையிலிருந்து மலையேறி ஆரியங்காவு தாண்டினால் நீர் ஓடும் இடங்களில் நிற்கும். தழையில் ஓட்டை இருந்தால் இலையைத் திருப்பிப் பார். நம் மாநிலப் பட்டாம்பூச்சியான தமிழ் மறவன் இந்த மரத்தில்தான் முட்டையிடும். காயைப் பறிக்காதே, கீழே விழுந்தது போதும். சாரல் தொடங்கிவிட்டது, அட்டை இருக்கும், சுண்ணாம்பு கொண்டுபோ.