பழைய மிக்ஸ், புது மிக்ஸ் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாப் டிலனின் அறுபதுகளின் பாடல்களை ஓரளவு கேட்டிருக்கிறேன். அண்மையில்தான் 1997-இல் வந்த 'டைம் அவுட் ஆஃப் மைண்ட்' ஆல்பத்துக்கு வந்தேன். ரசிகர்கள் எழுதியதையெல்லாம் படித்ததில் குழப்பம்தான் மிச்சம். பிற்கால டிலனின் உச்சம் இதுதான் என்கிறார்கள் சிலர். தயாரிப்பாளர் டேனியல் லன்வா ஒலியைச் சேறாக்கிவிட்டார், 2023-இல் வந்த புது மிக்ஸைத்தான் (அதே பதிவில் குரலையும் வாத்தியங்களையும் வேறு அளவில் கலந்த வடிவம்) கேட்க வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். குரல் போய்விட்டது என்று ஒரு கட்சி. சாவின் விளிம்பில் எழுதிய பாடல்கள் என்று இன்னொரு கட்சி. எனக்கு முதல் பாட்டும் 'நாட் டார்க் யெட்'டும் பிடித்திருந்தன. மற்றதெல்லாம் ஒன்றுபோலவே கேட்டது. எதை, எப்படிக் கேட்பது? புது மிக்ஸோடு வந்த ஐந்து சிடி பெட்டியை வாங்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

சாவுக் கட்சியை முதலில் அனுப்பிவிடுவோம், அதற்குத் தேதி பார்த்தாலே போதும். பாடல்கள் பதிவானது 1997 ஜனவரியில், மயாமியின் கிரைட்டீரியா ஸ்டுடியோவில். டிலன் மருத்துவமனையில் சேர்ந்தது அதே ஆண்டு மே மாதம். ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்றால் இதயத்தைச் சுற்றியுள்ள உறை வீங்கியிருந்தது. ஆல்பம் வெளிவந்தது செப்டம்பர் 30. அதாவது கேட்டவர்களுக்கு முதலில் நோய்ச் செய்தி வந்தது, பிறகு பாட்டு வந்தது. அந்த வரிசையையே எழுதிய வரிசை என்று எடுத்துக்கொண்டார்கள்.

பாடல்களில் முதுமையும் களைப்பும் இல்லையா என்றால், இருக்கின்றன. அவை வந்த வழி வேறு. 1990-க்குப் பிறகு இந்த ஆல்பம் வரை அவர் புதுப் பாடல் ஆல்பமே வெளியிடவில்லை. 1992-இலும் 1993-இலும் வெளியிட்ட இரண்டிலும் பழைய நாட்டார் பாடல்களையும் ப்ளூஸ் பாடல்களையும்தான் பாடினார், தனிக் கிட்டாரோடு. அந்தப் பாடல்களில் சாவு, நெடும்பாதை, கைவிட்டுப்போன பெண் எல்லாம் ஊர்ப் பொதுச்சொத்து. டைம் அவுட் ஆஃப் மைண்டின் வரிகள் தேய்வழக்காக இருக்கின்றன என்று குறைசொல்பவர்கள் பெரும்பாலும் அவற்றைத் தாளில் படிப்பவர்கள். டிலனுக்கு இலக்கிய நோபல் கிடைத்த பிறகு இந்தப் பழக்கம் கூடிவிட்டது. 'ஹைலேண்ட்ஸ்' பாட்டின் பல்லவியே ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் கவிதையிலிருந்து கிளம்புவதுதான். எங்கிருந்து எடுத்தார் என்பதைவிட, எடுத்த வரியை எந்த இடத்தில் நிறுத்திப் பாடுகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இப்போது சேறு. கிரைட்டீரியாவில் பத்துப் பேருக்குக் குறையாத கூட்டம். ஜிம் கெல்ட்னர், பிரையன் பிளேட் என்று இரண்டு டிரம்மர்கள். ஆகி மேயர்ஸின் வாக்ஸ் ஆர்கன், ஜிம் டிக்கின்ஸனின் வுர்லிட்ஸர் பியானோ, சிண்டி கேஷ்டாலரின் ஸ்லைடு கிட்டார், பக்கி பாக்ஸ்டரின் பெடல் ஸ்டீல், இவற்றுக்கு மேல் டிலனும் லன்வாவும் ட்யூக் ராபிலார்டும் வாசிக்கும் கிட்டார்கள். இவ்வளவு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் வாசித்தால் ஒருவர் மைக்கில் இன்னொருவர் வாத்தியம் புகுந்துவிடும். பாடகரின் மைக்கில் டிரம்ஸ் புகுந்திருந்தால் குரலை ஏற்றும்போது டிரம்ஸும் கூடவே ஏறும். போதாததற்கு ஆர்கன், கிட்டார், ஆண்குரலின் அடிப்பகுதி எல்லாம் ஏறக்குறைய 200-இலிருந்து 500 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒரே சந்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அதன்மேல் லன்வா எதிரொலியும் ட்ரெமலோ என்ற ஒலி நடுக்கமும் பூசினார். முதல் பாட்டான 'லவ் சிக்'கில் குரல் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பது தற்செயலாக நடந்ததல்ல, செய்யப்பட்டது.

நீங்கள் எதில் கேட்டீர்கள் என்று எழுதவில்லை. உள்ளங்கை அளவு புளூடூத் ஸ்பீக்கர் என்றால் பாதிச் சேறு அதனுடையது. அவற்றில் சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் சரியாக வராது. டோனி கார்னியரின் பேஸும் கிக் டிரம்மும் காணாமல்போய், மேலே சொன்ன சந்து மட்டும் மிஞ்சும். சுமாரான ஹெட்ஃபோனே இதைவிட மேல்.

2023 ஜனவரியில் வந்த 'ஃபிராக்மென்ட்ஸ்' பெட்டியின் முதல் சிடியில் மைக்கேல் பிராவர் அதே பதிவுகளை எடுத்துப் புதிதாக மிக்ஸ் செய்திருக்கிறார். குரல் முன்னால் வந்திருக்கிறது, பூச்சு குறைந்திருக்கிறது, யார் எங்கே வாசிக்கிறார்கள் என்பது தெரிகிறது. இரண்டையும் ஒப்பிடும்போது எல்லாரும் சறுக்குவது ஒலியளவில். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதையே காது 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். ஸ்பாட்டிஃபையில் கேட்டால் செட்டிங்ஸில் நார்மலைசேஷனைப் போட்டுவிடுங்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். சிடியில் கேட்டால் கைபேசியில் டெசிபல் மீட்டர் செயலி ஒன்றை நிறுவி, கைபேசியை ஒரே இடத்தில் வைத்து, இரண்டு மிக்ஸிலும் அதே அரைநிமிடத்தை ஓடவிட்டு வால்யூமைச் சரிசெய்யுங்கள். முழு ஆல்பத்தையும் அடுத்தடுத்து ஓடவிட்டு ஒப்பிடாதீர்கள். பாட்டுக்குப் பாட்டு, ஒரே சரணமாகப் பாருங்கள்.

அப்படிப் பார்த்தால் என் கணக்கில் எந்தக் கட்சியும் முழுதாக ஜெயிக்கவில்லை. 'லவ் சிக்', 'கோல்ட் அயர்ன்ஸ் பவுண்ட்' இரண்டுக்கும் பழைய மிக்ஸ்தான். இரண்டாவதற்கு 1998-இல் சிறந்த ஆண் ராக் குரலுக்கான கிராமி கிடைத்தது. அதில் குரல் டிரம்ஸின் அடியில் புதைந்து முட்டிக்கொண்டு மேலே வருவதுதான் பாட்டே. குரலைத் தூக்கி முன்னால் வைத்தால் முட்டல் போய்விடுகிறது. 'ஸ்டாண்டிங் இன் த டோர்வே', 'ஹைலேண்ட்ஸ்' இரண்டும் புது மிக்ஸில் நிச்சயம் பிழைத்திருக்கின்றன. 'நாட் டார்க் யெட்'டை இரண்டிலும் கேட்கலாம்.

குரல் போய்விட்டது என்பவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. வீச்சு சுருங்கிவிட்டது உண்மை. பாடியவருக்கு அப்போது 55 வயது. சுருங்கிய குரலை வைத்துக்கொண்டு தாளத்தில் செய்யும் வேலையைக் கவனியுங்கள். 'நாட் டார்க் யெட்' ஓடும்போது விரலால் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். வரியின் தொடக்கம் அடிக்குச் சற்றுப் பிந்தி விழும். நடுவில் சொற்களை நெருக்கிப் பிடித்துவிட்டு, இயைபுச் சொல்லை ஆற அமர இறக்குவார். இது பிடிபடவில்லை என்றால் 1993-இன் 'வேர்ல்ட் கான் ராங்' ஆல்பத்திலிருந்து இரண்டு பாட்டு கேட்டுவிட்டு வாருங்கள். குரலும் கிட்டாரும் தவிர ஏறக்குறைய எதுவும் இல்லாததால் வித்தை அப்படியே தெரியும். அடுத்த நிலைக்கு, 2008-இல் வந்த 'டெல் டேல் சைன்ஸ்' தொகுப்பில் 'ட்ரையிங் டு கெட் டு ஹெவன்' பாட்டின் மேடை வடிவம் இருக்கிறது, 2000-இல் லண்டனில் பாடியது. மெட்டையே ஜாஸ் பக்கம் திருப்பியிருக்கிறார். போன குரல் இந்த வேலையைச் செய்யாது.

எல்லாம் ஒன்றுபோலக் கேட்டது என்கிறீர்கள். நியாயமான புகார். 4, 6, 10-ஆம் பாடல்கள் மூன்றும் ப்ளூஸ் சாயல், ஏறக்குறைய ஒரே மனநிலை, மூன்றும் 5 நிமிடத்துக்கு மேல். 73 நிமிடத்தை ஒரே மூச்சில் கேட்டால் இவை ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். நான்காகப் பிரியுங்கள்: முதல் மூன்று பாடல்கள் 17 நிமிடம், அடுத்த நான்கு 23, அடுத்த மூன்று 17, கடைசியில் 'ஹைலேண்ட்ஸ்' தனியாக 16:31. இந்தக் கடைசிப் பாட்டை நீளம் என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் உணவுவிடுதிப் பணிப்பெண்ணோடு அவர் அடிக்கும் வாயாடலைத் தவறவிடுகிறார்கள். மொத்த ஆல்பத்திலும் வாய்விட்டுச் சிரிக்க இருப்பது அந்த இடம்தான். அடேலும் கார்த் புரூக்ஸும் பாடிப் பிரபலமான 'மேக் யூ ஃபீல் மை லவ்' பற்றிக் கேட்டால், அதை இங்கே வைக்காமல் இருந்திருக்கலாம் என்பவர்களோடு நானும் உண்டு.

இந்த ஆல்பத்துக்காகப் பதிவுசெய்து விட்டுவிட்ட 'மிஸிஸிப்பி'யையும் 'ரெட் ரிவர் ஷோர்'ஐயும் சேர்த்திருக்க வேண்டும் என்பது ரசிகர்களின் நிரந்தர வழக்கு. சிடியின் வழக்கமான கொள்ளளவு 74 நிமிடம், ஆல்பம் ஏற்கெனவே அதைத் தொட்டு நிற்கிறது. ஒன்றைச் சேர் என்பவர் எதைத் தூக்குவது என்றும் சொல்ல வேண்டும். 'மில்லியன் மைல்ஸ்'ஐ எடுத்துவிட்டு 'மிஸிஸிப்பி'யை வைக்கலாம் என்பேன். 'ரெட் ரிவர் ஷோர்' நல்ல பாட்டு, ஆனால் முழுக்கதை சொல்லும் பாட்டு. கதையே சொல்லாத இந்தப் பாடல்களுக்கு நடுவே அது உட்காராது. 'மிஸிஸிப்பி'யின் தாளம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் டிலனுக்கும் லன்வாவுக்கும் ஒத்துப்போகவில்லை. 2001-இல் 'லவ் அண்ட் தெஃப்ட்' ஆல்பத்தில் டிலன் அதை மறுபடி பதிவுசெய்தார். தயாரிப்பாளர் பெயர் ஜாக் ஃப்ராஸ்ட், அது டிலனின் புனைபெயர், அதாவது அவரேதான்.

பெட்டி வேண்டாம். ஐந்தாவது சிடியில் இருப்பது பெரும்பாலும் 'டெல் டேல் சைன்ஸ்'இல் ஏற்கெனவே வந்தது, நான்காவது மேடைப் பதிவுகள். புது மிக்ஸும் விடுபட்ட பதிவுகளில் பன்னிரண்டும் சேர்ந்த இரண்டு சிடி பதிப்பு ஒன்று இருக்கிறது, அது போதும். அதற்கும் முன்னால், பழைய சிடி செகண்ட்ஹேண்டில் கிடைத்தால் அதை வாங்குங்கள்.