பிடுங்கிக்கொண்டு போன போனைத் 'தொலைந்தது' என்று எழுதிக் கொடுக்காதீர்கள்

"பஸ் ஸ்டாப்பில் பேசிக்கொண்டு நின்றபோது பைக்கில் வந்த இருவர் என் போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேஷனில், 'போன் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள், உடனே சி.எஸ்.ஆர். தருகிறோம்' என்கிறார்கள். கொடுத்துவிடலாமா?" என்று தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது, அவ்வளவுதான். டூப்ளிகேட் சிம் வாங்கவும் சி.இ.ஐ.ஆர். என்ற மத்திய அரசுத் தளத்தில் போனை முடக்கவும் அந்த ரசீதே போதும் என்பதால் பலரும் சரியென்று தலையாட்டிவிடுகிறார்கள். ஆனால் 'தொலைந்தது' என்று எழுதிய தாளில் குற்றமே இல்லை. குற்றம் இல்லையென்றால் எஃப்.ஐ.ஆர். இல்லை, யாரையும் தேட வேண்டிய கட்டாயமும் இல்லை. நாளைக்கு அந்த போன் யாரிடமாவது பிடிபட்டால், உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும். திருட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அவர்களும் பெரும்பாலும் எஃப்.ஐ.ஆர். நகல்தான் கேட்பார்கள்.

இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். ராத்திரி பத்து மணி, வீட்டுக்குத் தகவல் சொல்லக்கூட கையில் போன் இல்லை, ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரரான ரைட்டர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி 'மேற்படி செல்போன் பயணத்தின்போது எங்கோ தவறிவிட்டது' என்று வாசகத்தையும் அவரே சொல்லுகிறார், நீங்களும் எழுதிவிடுகிறீர்கள். அவர்மேல் மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன், ஒவ்வொரு எஃப்.ஐ.ஆரும் அந்த ஸ்டேஷனுக்குக் கண்டுபிடித்தாக வேண்டிய ஒரு வழக்கு. ஆனால் அந்தச் சுமையை உங்கள் தலையில் இறக்குவது நியாயமில்லை.

பறிப்பு என்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆவது பிரிவில் தனிக் குற்றம், மூன்று ஆண்டுவரை சிறை. போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவுப்படி, சம்பவம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும், எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். "அது எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது.

அதற்காகப் போனவுடனே பிரிவு எண்களை அடுக்கிச் சண்டைக்கு நிற்காதீர்கள். "சார், பிடுங்கிட்டுப் போனதைத் தொலைஞ்சதுன்னு எழுத மனசு வரலை, நடந்ததை அப்படியே எழுதித் தர்றேன்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். தேதி, நேரம், இடம், பைக் எந்தப் பக்கம் போனது, போன் பெட்டியிலோ பில்லிலோ இருக்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் எல்லாம் புகாரில் இருக்கட்டும், ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதும் வாங்கவில்லையா? அதே புகாரை மாவட்டமென்றால் எஸ்.பி.க்கும், தாம்பரம் மாதிரி கமிஷனரேட் என்றால் துணை ஆணையருக்கும் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அங்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம், ஆனால் அதற்கு முன் மேலதிகாரிக்கு எழுதியிருக்க வேண்டும். தபால் ரசீது அங்கேதான் உதவும்.

இதற்கிடையே சிம்மையும் யு.பி.ஐ.யையும் இன்றைக்கே முடக்குங்கள், பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள். புது சிம்மில் எஸ்.எம்.எஸ். வர ஒரு நாள் ஆகலாம், அதனால் ஓ.டி.பி. வரவில்லையே என்று பதற வேண்டாம்.

ஏற்கெனவே 'தொலைந்தது' என்று எழுதிக் கொடுத்துவிட்டவர்கள், அந்த சி.எஸ்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு, என்ன சூழ்நிலையில் அப்படி எழுதினீர்கள், உண்மையில் நடந்தது என்ன என்று இரண்டாவது மனு கொடுங்கள். நாள் தள்ளத் தள்ள, ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்ற கேள்வி வரும், அதனால் நாளைக்கே போங்கள்.