உறை பிரிக்காத பெட்டி – கடிதம்

வணக்கம் அண்ணா,

நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். வயது 38, வங்கியில் வேலை. உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

1999-ல் எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் தம்பிக்கும் சேர்த்து சோனியின் பிளேஸ்டேஷன் கேம் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து நான் சோனி ஆள். இன்று வீட்டு ஹாலில் மூன்று அலமாரி நிறைய வைத்திருக்கிறேன். பிளேஸ்டேஷன் 2, அதாவது பி.எஸ்.2 மட்டும் நான்கு நிறத்தில் இருக்கிறது. மனதுக்குப் பிடித்த கேம் என்றால் இரண்டு வாங்குவேன், ஒன்று விளையாட, இன்னொன்று உறை பிரிக்காமல் வைக்க. புதியதை லோயாட்டில் வாங்குவேன், பழையதை அம்கோர்ப் மால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தேடுவேன்.

தம்பி சோனியின் போட்டிக் கம்பெனியான நிண்டெண்டோ பக்கம் போய்விட்டான். இந்தத் தீபாவளிக்கு வந்திருந்தபோது எது பெரிது என்று விளையாட்டாகத் தொடங்கிய பேச்சு சண்டையில் முடிந்தது. "இந்த அலமாரியில போட்ட காசுக்கு அம்மா வீட்டுக் கூரையை மாத்தியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

போன வாரம் என் மகன், பத்து வயது, உறை பிரிக்காத ஒரு பி.எஸ்.2 கேமை எடுத்து வந்து "இது வெளாடலாமாப்பா?" என்று கேட்டான். சட்டென்று பிடுங்கிவிட்டேன். அவன் அழவில்லை. பேசாமல் அறைக்குப் போய்விட்டான். "புள்ள தொடக்கூடாத சாமானை எதுக்கு ஹால்ல வெச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி.

ஒரு கம்பெனிமேல் இவ்வளவு பற்று வைப்பது மடத்தனமா அண்ணா? இப்படிச் சேர்த்து வைப்பது நோயா? எல்லாவற்றையும் விற்றுவிடட்டுமா? என் பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் "அவன் அழவில்லை" என்ற இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன். அதற்கு வருகிறேன். முதலில் அந்தப் பற்று.

நான் சேகா ஆள், அதுவும் கேம் பெட்டி செய்த ஒரு கம்பெனி. பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரில் வளர்ந்தேன், அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை செய்தார். 1993-ல் அம்மா சீட்டு எடுத்த பணமும் அப்பாவின் ஓ.டி. பணமும் சேர்ந்து வீட்டுக்கு சேகாவின் மெகா டிரைவ் பெட்டி ஒன்று வந்தது. ஏன் மெகா டிரைவ் என்று கேட்டால், எதிர் வீட்டில் அதுதான் இருந்தது. கேம் கேசட் மாற்றிக்கொள்ளலாம். எங்கள் வரிசையில் எவனும் பெட்டியைத் தானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. தெருவில் முதலில் எது வந்ததோ அதுவே எல்லோருக்கும் ஆனது.

வந்த பிறகு அதுதான் உலகத்திலேயே சிறந்தது என்று நம்பியாக வேண்டும். ஏனென்றால் இரண்டாவது ஒன்று வரப்போவதில்லை. பள்ளியில் ஒருவன் வீட்டில் நிண்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் இருந்தது. அதில் நிறம் அதிகம் என்று அவன் சொன்னான். அவன் சொன்னது உண்மை. எங்கள் பெட்டி ஒரே நேரத்தில் 64 நிறங்களைக் காட்டும், அவனுடையது 256. ஆனால் அன்று அவன் சட்டையைப் பிடித்து அடித்தேன். அவன் சொல்வது சரியென்றால் அப்பா மூன்று மாதம் இரவு ஷிஃப்ட் பார்த்தது வீண் என்று ஆகிவிடுமே! பதின்மூன்று வயதுப் பையனுக்கு அதைத் தாங்க முடியாது. நீங்கள் "சோனி ஆள்" என்று எழுதியதைப் படித்தபோது, லாரி ஓட்டிய உங்கள் அப்பாவைத்தான் நினைத்தேன்.

இன்னொன்றையும் நம் ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே சோனி வீடு வீடாகப் போனது சீடியின் விலையால். ஒரிஜினல் நூறு வெள்ளியை (ரிங்கிட்) தாண்டும். பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், டூப்ளிகேட் ஐந்து வெள்ளி. பிளேஸ்டேஷனின் ஒரிஜினல் டிஸ்க்கில், உள்வட்டத்தை ஒட்டி, தடம் மிக லேசாக நெளியும். அந்த நெளிவில் நான்கு எழுத்துகள் ஒளிந்திருக்கும். ஜப்பான் டிஸ்க் என்றால் எஸ்.சி.இ.ஐ., அமெரிக்க டிஸ்க் என்றால் எஸ்.சி.இ.ஏ., ஐரோப்பாவுக்கு எஸ்.சி.இ.இ. சாதாரண சீடி ரைட்டரால் அந்த நெளிவை எழுத முடியாது. அதனால் கடைக்காரர் பெட்டியைத் திறந்து, விரல் நகம் அளவு ஒரு சிப்பைச் சில ஒயர்களால் பற்றவைப்பார். பெட்டி எழுத்தைத் தேடும்போது சிப் அதைச் சொல்லிவிடும். "சிப் போட்டாச்சா?" என்பதுதான் அந்தக் காலத்தில் முதல் கேள்வி. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அநேகமாக அது இருந்திருக்கும்.

அதே காலத்தில் வந்த நிண்டெண்டோ 64 பெட்டி கேசட்டிலேயே நின்றது. கேசட்டைப் படியெடுப்பது லேசில்லை, விலையும் அதிகம். அதனால் சம்பளக்காரக் குடும்பங்களில் அது குறைவாகவே நுழைந்தது. உங்கள் தம்பிக்கு அன்று நிண்டெண்டோ என்று ஒரு வழியே இல்லை. வளர்ந்து, தன் சம்பளத்தில் வாங்கியபோதுதான் அவனுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தது. அதை அவன் உங்களை விட்டுப் போனதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கம்பெனிகளின் கதை வேறு. 1991 ஜூனில் சிகாகோ கண்காட்சியில், நிண்டெண்டோவோடு சேர்ந்து சீடி ஓடும் ஒரு கருவி செய்யப்போவதாக சோனி அறிவித்தது. மறுநாளே நிண்டெண்டோ ஃபிலிப்ஸோடு கைகோர்த்துவிட்டதாகச் சொன்னது. அந்த முறிவில் பிறந்ததுதான் 1994 டிசம்பரில் வந்த பிளேஸ்டேஷன். நீங்களும் தம்பியும் எதை வைத்துப் பேசாமல் இருக்கிறீர்களோ, அவை இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்து தொடங்கியவை.

என் சேகாவின் முடிவை நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் பத்திரிகையில் படித்தேன். அப்போதுதான் டெக்னீஷியனாகச் சேர்ந்திருந்தேன். 2001 ஜனவரி 31 அன்று தங்கள் கடைசிப் பெட்டியான டிரீம்காஸ்ட்டை நிறுத்துவதாக அறிவித்தார்கள், இனி பெட்டி செய்யப்போவதில்லை என்று. டிரீம்காஸ்ட் உலகம் முழுக்க ஏறத்தாழ 90 லட்சம் விற்றது, பி.எஸ்.2 பிற்பாடு 15 கோடியைத் தாண்டியது. சேகாவின் தலைவர் இசாவோ ஒக்காவா தன் சொந்தச் செல்வத்தில் பெரும் பங்கை அதற்கே கொடுத்துவிட்டு அந்த ஆண்டு மார்ச்சில் இறந்துபோனார். அவரை நினைத்தால் இன்றும் எனக்கு மரியாதை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே சேகாவின் கதாநாயகனான சோனிக், அதுவரை பரம எதிரியாக இருந்த நிண்டெண்டோவின் பெட்டியில் ஓடியது. அதைப் பார்த்து அன்று நெஞ்சு அடைத்தது. எதற்காக ஒருவன் சட்டையைப் பிடித்தேனோ அது போயே போய்விட்டது. 2025-ல் சோனியின் போட்டியாளரான மைக்ரோசாஃப்ட்டின் ஃபோர்ஸா ஹொரைசன் 5 கேம் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்தபோது பலருக்கு அதே அடைப்பு வந்திருக்கும். நிறுவனங்கள் பிழைக்க இடம் மாறும், மாறட்டும். அதற்காக அண்ணனும் தம்பியும் ஏன் பேசாமல் இருக்க வேண்டும்?

சேர்ப்பது நோயா என்று கேட்டீர்கள். இல்லை. நானும் சேர்ப்பவன்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பினாங்கின் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் தார்பாலின்மேல் பரப்பிய பழைய சாமான்களுக்கு நடுவே ஒரு கண்ட்ரோலரின் ஒயர் நுனி தெரிந்தால் குனிந்துவிடுவேன். சேர்க்க நல்ல காரணமும் இருக்கிறது. 2023 மார்ச்சில் வீ யூ, 3டிஎஸ் கருவிகளின் இணையக் கடையை நிண்டெண்டோ மூடியது. அன்றோடு அங்கே மட்டும் கிடைத்தவற்றைப் புதிதாகக் காசு கொடுத்து வாங்க வழியில்லாமல் போனது. நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 பெட்டிக்கு வரும் சில கேசட்டுகளுக்குள் கேமே கிடையாது, தரவிறக்க ஒரு சாவி மட்டும் இருக்கிறது. உங்கள் அலமாரியில் உள்ள பி.எஸ்.2 டிஸ்க் அப்படியில்லை. முழுக் கேமும் அதற்குள்ளேயே இருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்காமல், இணையம் இல்லாமல், போட்டதும் ஓடும். அதைக் காப்பாற்றி வைப்பது நல்ல வேலை.

ஆனால் ஓட்டினால்தான் அது காப்பாற்றப்படும். இதை நான் தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. உறைக்குள் இருக்கும் அட்டையில் பூஞ்சை பிடிக்கும். பெட்டிகளுக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் வயதானால் உலரும் அல்லது கசியும். நெடுநாள் மின்சாரம் படாமல் கிடந்தாலும் அவற்றின் ஆக்ஸைடு படலம் மெலிந்துபோகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அது நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

என் வீட்டில் ஒரு மெகா டிரைவ் கேசட் இருக்கிறது. விளையாடிய இடத்தைச் சேமிக்கும் வகை. உள்ளே ஒரு சி.ஆர்.2032 பட்டன் பேட்டரி, அதன் தயவில்தான் சேமித்தது நிற்கும். என் தம்பி பதினொரு வயதில் தன் பெயரைப் போட்டுச் சேமித்தது அதில் இருந்தது. 2015-ல் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தேன். 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2.4 காட்டியது. பேட்டரியைக் கழற்றினால் அந்த நொடியே எல்லாம் அழிந்துவிடும். அதனால் இரண்டு பென் டார்ச் பேட்டரிகளை ஒரு ஹோல்டரில் போட்டு, ஒரு டயோடு சேர்த்து, பேட்டரி உட்கார்ந்திருந்த இடத்துக்கு இணையாக இரண்டு ஒயர் பற்றவைத்தேன். பிறகு பழையதைக் கழற்றி, புதியதை வைத்து, கடைசியில் ஒயரை எடுத்தேன். டிவியில் போட்டுப் பார்க்கும்வரை உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருந்தது. தம்பியின் பெயர் அப்படியே இருந்தது. ஜொகூரில் இருக்கும் அவனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "அண்ணே, அந்த குகைல நான் மாட்டிக்கிட்ட எடம்தானே?" என்று அழைத்துக் கேட்டான். அன்று முக்கால் மணி நேரம் பேசினோம்.

2021 ஜூலையில், உறை பிரிக்காத ஒரு சூப்பர் மாரியோ 64 கேசட் அமெரிக்க ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போனது. ஒரு கோடிக்கும் மேல் விற்ற கேசட் அது. உள்ளே இருப்பதில் எந்த அபூர்வமும் இல்லை, விலை முழுதும் அந்தப் பிளாஸ்டிக் உறைக்குத்தான். அதற்கு முந்தைய ஆண்டு, சோனியும் நிண்டெண்டோவும் பிரியும் முன் செய்த அந்த மாதிரிக் கருவி 3,60,000 டாலருக்குப் போனது. திவாலான ஒரு நிறுவனத்தின் பழைய சாமான்களோடு சாமானாக 75 டாலருக்கு ஒருவர் எடுத்திருந்தது. வேலை செய்யாத சீடி டிரைவை ஒருவர் திறந்து சரிசெய்தார். கண்காட்சிகளில் மக்கள் அதில் விளையாடினார்கள். அவ்வளவு கைபட்டும் அதன் மதிப்பு எங்கும் போகவில்லை. எனக்கு இந்த இரண்டாவதைத்தான் பிடிக்கிறது. சேர்ப்பவன் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆகவே எல்லாவற்றையும் விற்காதீர்கள். கோபத்தில் விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன், இரண்டு வருடத்தில் இரட்டை விலைக்குத் திரும்ப வாங்குவார்கள். இரண்டாவது பிரதி வாங்குவதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். உறை பிரிக்காமல் வைத்திருப்பவற்றுக்கு விளையாடும் பிரதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவற்றை நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் அம்மா வீட்டுக் கூரையை மாற்றுங்கள். தம்பி கோபத்தில் சொன்னாலும் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கூரைக்காரரை அழைக்கும் நாளில் அவனையும் அழையுங்கள்.

விற்கும் குவியலில் மகன் எடுத்து வந்த அந்த ஒன்றைச் சேர்க்க வேண்டாம். விளையாடும் பிரதி இருக்கிறதே என்று அதைக் கொடுத்து அவனைச் சமாதானப்படுத்தவும் வேண்டாம். அவன் கேட்டது இதை. பிடுங்கியதற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள், பிள்ளையிடம் கேட்பதில் குறைவொன்றும் இல்லை. உறையை அவனே கிழிக்கட்டும். டிஸ்க்கை நடுத்துளையிலும் விளிம்பிலும் மட்டும் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள், துடைப்பதென்றால் நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைக்க வேண்டும் என்பதையும்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் மூன்று அலமாரியும் வருகிறது, நான்கு நிறத்து பி.எஸ்.2-வும் வருகிறது. 1999-ல் அப்பா வாங்கித் தந்த அந்த முதல் பெட்டி இப்போது எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. அம்மா வீட்டில் பாருங்கள். இல்லையென்றால் தம்பியிடம் கேளுங்கள், அவன் எடுத்து வைத்திருக்கலாம். கிடைத்தால் கூரியரில் அனுப்ப வேண்டாம், பினாங்கு வரும்போது கையில் கொண்டு வாருங்கள். கெப்பாசிட்டர்களைப் பார்த்து, லென்ஸைத் துடைத்துத் தருகிறேன். சிப் இருந்தால் அதை எடுக்க மாட்டேன்.