முதுகைத் திருப்பிப் பாருங்கள்: பழைய புரூச், காப்பு பற்றிய கேள்வி பதில்

இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருபது வருடமாக இருக்கிறேன். ஞாயிறு காலையில் கார் டிக்கியைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்பார்களே, அந்தச் சந்தையில் ஒரு வெள்ளி புரூச், அதாவது உடையில் குத்தும் ஊசி நகை, வாங்கியதில் தொடங்கிய பித்து இது. பழைய நகை சேர்ப்பது பற்றி என்னிடம் வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

திருச்சியிலிருந்து: "அக்கா, ஒரு புரூச்சை விக்டோரியா காலத்தது என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

முகப்பைப் பார்த்து வயது சொல்லாதீர்கள் தம்பி. பூ, இலை, கல் எல்லாவற்றையும் எந்தக் காலத்திலும் பழைய மாதிரி செய்துவிடலாம். புரூச்சைத் திருப்பி முதுகைப் பாருங்கள். விக்டோரியா ராணி ஆண்டது 1837 முதல் 1901 வரை. அந்தக் காலத்துப் புரூச்சில் ஊசியின் முனை மாட்டும் இடம் வெறும் கொக்கிதான், ஆங்கில 'சி' எழுத்து மாதிரி வளைந்திருக்கும். பூட்டு எதுவும் இருக்காது. ஊசி தடிமனாக இருக்கும், பல நேரம் புரூச்சின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கனத்த கம்பளித் துணியில் குத்தி, நீட்டிய முனையை மறுபடி துணிக்குள்ளேயே செருகிக்கொள்வார்கள். அதனால்தான் அந்த நீளம். ஊசியின் மறுமுனையில் இருக்கும் கீல் நீளமான சின்னக் குழாய் போல இருக்கும்.

இப்போது நாம் பார்க்கிற, உருட்டி மூடும் பாதுகாப்புப் பூட்டு 20-ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகு பரவியது. முதுகில் அந்தப் பூட்டு இருந்தால், ஒன்று புரூச் பிற்காலத்தது, அல்லது யாரோ பூட்டை மாற்றியிருக்கிறார்கள். மாற்றியிருந்தால் பற்றவைத்த இடத்தில் ஈயம் சாம்பல் நிறத்தில் திட்டாகத் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பளிச்சென்று தெரிந்துவிடும்.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. மலிவு நகைகளில் வெறும் கொக்கியைப் பிற்காலத்திலும் வைத்தார்கள். அதனால் கொக்கியை மட்டும் நம்பாமல் ஊசி, கீல், முத்திரை மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றும் ஒரே காலத்தைச் சொன்னால் வாங்கலாம்.

நாகர்கோவிலிலிருந்து: "எங்கள் பாட்டிக்கு ஒரு மிஷன் பள்ளி ஆசிரியை கொடுத்த வெள்ளி புரூச். இரண்டு இதயமும் ஐவிக் கொடியும், நடுவில் 'மிஸ்பா' என்ற எழுத்தும். பின்னால் நான்கு சின்ன முத்திரை. இதற்கு என்ன அர்த்தம்?"

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்த வகை புரூச் 1880-களில் இங்கிலாந்தில் பெரிய மோஸ்தர். ஆதியாகமம் 31-ஆம் அதிகாரத்தில் யாக்கோபும் லாபானும் பிரியும்போது, நாம் ஒருவரையொருவர் காணாத நேரத்தில் கர்த்தர் நம் இருவரையும் கண்காணிக்கட்டும் என்று சொல்லி அந்த இடத்துக்கு வைத்த பெயர்தான் மிஸ்பா. தூரதேசம் போகிறவருக்கும் பின்தங்குகிறவருக்கும் நடுவே கைமாறிய நகை இது. ஐவிக் கொடி பற்றியதை விடாது, அதனால் அது இதில் இடம்பெற்றது. கப்பலேறி வந்த ஒரு பெண் அதை உங்கள் பாட்டிக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்றால், அவர் மனதில் பாட்டிக்கு என்ன இடம் இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி முத்திரை. நடக்கிற சிங்கம் இருந்தால் அது ஸ்டெர்லிங் வெள்ளி, ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. அதன் பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் சோதித்தது. கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம் அடையாளம்! லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, எடின்பரோவுக்குக் கோட்டை. ஒற்றை எழுத்து ஒன்று இருக்கும், அதுதான் ஆண்டு. எழுத்தின் வடிவமும் அதைச் சுற்றிய கட்டத்தின் வடிவமும் சேர்ந்துதான் ஆண்டைச் சொல்லும், அதனால் இரண்டையும் தெளிவாகப் படம் எடுத்து அட்டவணையோடு ஒப்பிடுங்கள். மிச்சமிருக்கும் எழுத்துகள் செய்தவரின் பெயர்ச்சுருக்கம். ராணியின் தலையும் இருந்தால் வரி கட்டிய அடையாளம். அந்த வழக்கம் 1890-இல் நின்றுபோனது.

தயவுசெய்து பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள். சுழலும் சக்கரத்தில் வைத்துத் தேய்த்தால் முத்திரை மழுங்கிவிடும். கறுப்பு படிந்த குழிவுகள்தான் அந்த ஐவி இலைக்கு உயிர். மெல்லிய துணியால் மேடான இடங்களை மட்டும் துடையுங்கள், போதும்.

ஈரோட்டிலிருந்து: "தங்கத்தில் '15' என்று போட்டிருக்கிறது. 15 காரட் என்று ஒன்று உண்டா?"

உண்டு. பிரிட்டனில் 1854-இல் 15, 12, 9 காரட் தங்கத்துக்கு அனுமதி வந்தது. 1932-இல் 15-ஐயும் 12-ஐயும் நிறுத்திவிட்டு 14-ஐக் கொண்டு வந்தார்கள். ஆகவே உண்மையான 15 காரட் முத்திரை இருந்தாலே அந்த 78 வருடத்துக்குள் வந்த நகை. பக்கத்தில் '625' என்ற எண்ணும் இருக்கலாம், இரண்டும் ஒன்றுதான்.

கோவையிலிருந்து: "கீல் வைத்துத் திறந்து மூடும் பழைய தங்கக் காப்பு ஒன்றை ஆன்லைனில் பார்த்தேன். எத்தனை பவுன் தேறும் என்று கேட்டால் விற்பவர் மழுப்புகிறார்."

பவுன் கணக்கில் இதைப் பார்க்காதீர்கள் ஐயா. விக்டோரியா ராணி, அவருக்கு அடுத்து ஆண்ட மகன் எட்வர்டு காலத்துக் காப்புகள் பெரும்பாலும் உள்ளே பொள்ளல். தகடு மெல்லியது, ஒரு முறை கதவில் இடித்தாலே சொட்டை விழும், அதை வெளியே எடுப்பது லேசான வேலை இல்லை. சிலவற்றில் உள்பக்கம் 'மெட்டல் கோர்' என்று பொடி எழுத்தில் இருக்கும். மேலே தங்கத் தகடு, உள்ளே வேறு உலோகம். கையில் கனமாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடுவோம். 'ரோல்டு கோல்டு' என்று இருந்தாலும் இதே கதைதான்.

விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: கீல் பக்கவாட்டில், பூட்டின் நாக்கு வெளியே எடுத்த நிலையில், உள்பக்கம் முழுவதும். நாக்கு தேய்ந்திருந்தால் காப்பு தானாகத் திறந்து எங்காவது விழும். பாதுகாப்புச் சங்கிலி இருக்கிறதா என்றும் பாருங்கள். அளவு கேட்கும்போது உள்விட்டத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் கேளுங்கள், ஏனென்றால் இவை முட்டை வடிவம். நம் வளையல் அளவைச் சொன்னால் பொருந்தாது.

யாழ்ப்பாணத்திலிருந்து: "கறுப்பு நிறப் புரூச். ஜெட் என்கிறார்கள். எனக்குக் கண்ணாடி போலத் தோன்றுகிறது."

ஜெட் என்பது கல்லாகிப்போன மரம். யார்க்‌ஷயர் கடற்கரையில் விட்பி என்ற ஊர் இதற்குப் பேர்போனது. 1861-இல் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு விக்டோரியா ராணி கடைசிவரை துக்க உடையிலேயே இருந்தார், ஊரும் கறுப்பு நகைக்கு மாறியது.

கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் கண்ணாடி. 'பிரெஞ்சு ஜெட்' என்று விற்பது கண்ணாடியைத்தான். ஜெட் இதமாக இருக்கும், தூக்கினால் ஆச்சரியப்படும் அளவுக்கு லேசாக இருக்கும். இன்னொரு போலி வல்கனைட், கெட்டியாக்கிய ரப்பர். வெளிச்சம் பட்டுப்பட்டு அது காப்பிப்பொடி நிறத்துக்கு மாறும், விரலால் வேகமாகத் தேய்த்தால் கந்தக வாடை வரும். ஜெட்டைக் கையால் செதுக்குவார்கள், வல்கனைட்டை அச்சில் வார்ப்பார்கள், அதனால் ரப்பரில் செதுக்கின கூர்மை இருக்காது. சூட்டு ஊசியால் குத்திச் சோதிக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், வடு போகாது. வல்கனைட் என்று தெரிந்தால் வெள்ளி நகையோடு ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம், கந்தகம் வெள்ளியைக் கறுக்கடிக்கும்.

சென்னையிலிருந்து: "அத்தையின் புரூச், பின்னால் 'டிரிஃபாரி' என்றும் கிரீடமும் உள்ளது. பச்சையாக ஏதோ பூத்திருக்கிறது. பூவந்திக் கொட்டை போட்டு ஊறவைக்கலாமா?"

வேண்டவே வேண்டாம் அம்மா! பூவந்தி கெட்டித் தங்கத்துக்குச் சரி. இது டிரிஃபாரி என்ற அமெரிக்கக் கம்பெனியின் கவரிங் நகை, கற்களை ஒட்டவைத்து அடியில் ஜிகினாத் தகடு கொடுத்திருப்பார்கள். தண்ணீர் உள்ளே போனால் தகடு கறுத்துக் கல் கண்ணை மூடிக்கொள்ளும். நான் சேர்க்கத் தொடங்கிய வருடம் ஒரு நீலக்கல் புரூச்சைச் சோப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டேன். மறுநாள் ஏழு கல்லில் நான்கு சாம்பலாகிவிட்டது. இன்றும் அதை அப்படியே வைத்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனது வலிக்கும்.

அந்தப் பச்சை களிம்பு. காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் உதிர்த்துவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகர் தொட்டு அந்த இடத்தில் மட்டும் ஒற்றுங்கள். அடுத்து ஈரக்குச்சி, அப்புறம் காய்ந்த துணி. மற்ற நகைகளோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள்.

வயதுக்கு ஒரு குறிப்பு. பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'சி', அதாவது பதிப்புரிமைக் குறி, இருந்தால் 1955 அல்லது அதற்குப் பின். அந்த வருடம் டிரிஃபாரி தொடுத்த ஒரு வழக்கில் நகை வடிவத்துக்கும் பதிப்புரிமை உண்டு என்று தீர்ப்பானது. 'ஸ்டெர்லிங்' என்று இருந்தால் அநேகமாக 1940-கள். போருக்காக மற்ற உலோகங்களைக் கட்டுப்படுத்தியதால் வெள்ளியில் செய்தார்கள்.

மதுரையிலிருந்து: "பேக்கலைட் வளையல் என்று விலை அதிகம் சொல்கிறார்கள். வெறும் பிளாஸ்டிக் இல்லையா?"

பிளாஸ்டிக்தான், ஆனால் பேக்லேண்டு என்ற வேதியியலாளர் 1907-இல் கண்டுபிடித்த, சூட்டில் உருகாத பிளாஸ்டிக். 1930-களில் இதில் வளையல் கடைந்தார்கள். சில வினாடி வெந்நீரில் காட்டி மோந்து பாருங்கள். நம் வீடுகளில் இருந்த பழைய கறுப்பு உருண்டை சுவிட்ச் சூடானால் ஒரு வாடை வருமே, அதே குடும்பம். கல் ஒட்டியிருந்தால் வெந்நீர் வேண்டாம். ஓரத்தில் அச்சுக் கோடு தெரிந்தால் சந்தேகப்படுங்கள். இரண்டு வளையலைத் தட்டினால் 'டொக்' என்று கனத்த சத்தம் வர வேண்டும்.

மயிலாப்பூரிலிருந்து: "கொள்ளுத்தாத்தா வீட்டில் ஒரு வெள்ளி பிரேஸ்லெட். கட்டம் கட்டமாகச் சாமி உருவங்கள். லண்டனில் இருக்கும் மகளுக்குக் கொடுத்தனுப்பலாமா?"

அது 'சுவாமி நகை' ஆக இருக்கலாம். மெட்ராஸில் 1849-இல் தொடங்கிய பி. ஓர் அண்ட் சன்ஸ் இதற்குப் பெயர்பெற்றது. வெள்ளித் தகட்டைப் பின்னாலிருந்து தட்டி உருவத்தை எழுப்பும் வேலை, நம் ஆசாரிகளின் கைவண்ணம், ஆங்கிலேயர் கேட்ட வடிவம். 1875-இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது இதற்கு மவுசு இன்னும் கூடியது. பூட்டின் உள்பக்கம் பெயர் பொறித்திருக்கிறதா பாருங்கள்.

ஆனால் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய கலைப்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. தொல்லியல் துறையில் காட்டிக் கேட்காமல் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். என்னைக் கேட்டால், மகள் ஊருக்கு வரும்போது கையில் போட்டுப் பார்க்கட்டும், நகை மயிலாப்பூரிலேயே இருக்கட்டும்.

சேலத்திலிருந்து: "பட்டுச்சேலையில் பழைய புரூச் குத்தினால் கிழியாதா?"

கிழியும். தடித்த ஊசி ஜரிகை இழையை அறுத்துவிடும். தோளில் மடிப்புக்கு உள்ளே விரல் அகலக் கம்பளித் துணித் துண்டு ஒன்றை வைத்து, ஜரிகையை விட்டு வெறும் பட்டில் குத்துங்கள். ரொம்பக் கனமானதைச் சேலைக்கே வைக்காதீர்கள். ஊசியில் செருகிப் புரூச்சைப் பதக்கமாக்கும் சின்னக் குழாய் ஒன்று கிடைக்கிறது, அதைப் போட்டுச் சங்கிலியில் கோத்துக்கொள்ளலாம். பற்றவைக்க வேண்டாம், ஊசியையும் வெட்ட வேண்டாம். வேண்டாதபோது கழற்றினால் பழையபடி புரூச்தான்.