வாசகர் கேள்விகள்: காலிஸ்தானும் கனடாவும் நம் வீட்டு விசாவும்

இந்த முறை காரைக்குடி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பல, இந்தியாவுக்கும் கனடாவுக்கும் இடையே உள்ள மனக்கசப்பைப் பற்றியே கேட்டிருக்கின்றன. பிள்ளைகளை டொரண்டோவிலும் வான்கூவரிலும் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது தூரத்துச் செய்தி அன்று என்பதால், இந்தப் பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: 2023 அக்டோபரில் என் கணவருக்குச் சாந்தி (வயது நிறைவு விழா) வைத்திருந்தோம். டொரண்டோவில் பிறந்த பேரனுக்கு விசா கிடைக்காததால் மகனும் மருமகளும்கூட வர முடியவில்லை. சீக்கியர் சிலர் தனி நாடு கேட்பதற்கும் எங்கள் வீட்டு விசேஷத்துக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, உங்கள் வருத்தம் நியாயமானது. 2023 ஜூன் 18 அன்று, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் சர்ரே நகரில், ஒரு குருத்வாராவின் வாகன நிறுத்துமிடத்தில் ஹர்தீப் சிங் நிஜ்ஜர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கனடா குடிமகன். அந்தக் குருத்வாராவின் தலைவர். சீக்கியருக்குத் தனி நாடு கேட்கும் காலிஸ்தான் கோரிக்கையை முன்னெடுத்தவர். 2020-இல் இந்திய அரசால் பயங்கரவாதி என்று அறிவிக்கப்பட்டவர். செப்டம்பர் 18 அன்று கனடா நாடாளுமன்றத்தில் பிரதமர் ட்ரூடோ, இந்தக் கொலையில் இந்திய அரசின் முகவர்களுக்குத் தொடர்பு இருக்கலாம் என்பதற்கு நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உள்ளன என்று பேச, இந்தியா அதை முற்றாக மறுத்தது. இரு நாடுகளும் ஆளுக்கொரு தூதரக அதிகாரியை வெளியேற்றின. தன் தூதரகங்களுக்கு அச்சுறுத்தல் இருப்பதாகச் சொல்லி, செப்டம்பர் 21 அன்று கனடா குடிமக்களுக்கான விசாவை இந்தியா நிறுத்தியது.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களையோ இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் வந்துபோக உதவும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களையோ அந்தத் தடை தொடவில்லை. கனடா கடவுச்சீட்டு மட்டுமே கொண்ட உங்கள் பேரனைப் போன்றவர்கள்தாம் சிக்கிக்கொண்டார்கள். அக்டோபர் 26 முதல் சில வகை விசாக்களும், நவம்பர் 22 முதல் மின்விசாவும் மீண்டும் வழங்கப்பட்டன. பேரனுக்கு இன்னும் ஓ.சி.ஐ. எடுக்கவில்லை என்றால், அடுத்த முன்னோர் படைப்புக்கு முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அதே அக்டோபரில், இந்தியாவின் வற்புறுத்தலால் கனடா தன் தூதரக அதிகாரிகள் 41 பேரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. இந்தியாவில் இருந்த கனடா குடியேற்றத் துறை ஊழியர் எண்ணிக்கை 27-லிருந்து 5 ஆகக் குறைந்ததால் மாணவர் விண்ணப்பங்கள் தேங்கின. ஆனால் 2024-இல் கனடா மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தது அங்குள்ள வீட்டுத் தட்டுப்பாட்டினால். அதை இந்தப் பூசலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: காலிஸ்தான் முழக்கம் எழுப்புவது பேச்சுரிமை என்கிறது கனடா. வெறும் பேச்சுக்கு டெல்லி ஏன் இவ்வளவு கொதிக்கிறது?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: டெல்லியின் நினைவில் இருப்பது வெறும் பேச்சு அன்று. 1985 ஜூன் 22 அன்று வான்கூவரில் ஒருவர் பெட்டியை மட்டும் ஏற்றிவிட்டுத் தான் விமானம் ஏறாமல் போய்விட்டார். அந்தப் பெட்டி டொரண்டோ சென்று ஏர் இந்தியா விமானத்துக்கு மாறியது. டொரண்டோவில் எக்ஸ்ரே இயந்திரம் பழுதானதால் மீதிப் பெட்டிகளைக் கையில் பிடிக்கும் கருவி ஒன்றைக் கொண்டு சோதித்தார்கள். மறுநாள் அயர்லாந்து கடலோரத்துக்கு அப்பால் ‘கனிஷ்கா’ விமானம் வெடித்துச் சிதறி 329 பேரும் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் கனடா குடிமக்கள், இந்திய வம்சாவளியினர். அதே நாளில் ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில் இன்னொரு பெட்டி வெடித்துத் தொழிலாளர் இருவரைக் கொன்றது.

சதியின் தலைவர் என்று கருதப்பட்ட, கனடாவில் வாழ்ந்த காலிஸ்தான் தீவிரவாதி தல்விந்தர் சிங் பர்மாரை 1982-லேயே இந்தியா ஒப்படைக்கக் கேட்டிருந்தது, கனடா மறுத்தது. அவருடைய தொலைபேசி உரையாடல்களைக் கனடா உளவுத்துறை பதிவு செய்தது, பிறகு அந்த ஒலிநாடாக்களை அழித்தும் விட்டது. குற்றம் சாட்டப்பட்ட இருவரும் 2005-இல் விடுதலையானார்கள். குண்டு செய்ய உதவிய இந்தர்ஜித் சிங் ரியாத் ஒருவர்தான் தண்டனை பெற்றார். 2010-இல் கனடா நீதிபதி ஜான் மேஜர் ஆணையம் தன் நாட்டு அரசின் தவறுகளை ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னது. இவ்வளவும் நடந்த பிறகு, 2023 ஜூனில் கனடாவின் பிராம்ப்டன் நகரில் காலிஸ்தான் ஆதரவாளர் ஊர்வலத்தில், இரத்தக்கறை படிந்த புடவையோடு இந்திரா காந்தியின் உருவத்தையும் அவரைச் சுடும் காவலர்களையும் வண்டியில் வைத்து இழுத்து வந்தால் டெல்லி எப்படிப் பொறுக்கும்?

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1984-இல் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்ததும், இந்திரா கொலைக்குப் பிறகு டெல்லியில் மட்டும் அரசுக் கணக்கின்படியே 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டதும் புலம்பெயர்ந்த சீக்கியர் வீடுகளில் ஆறாத புண். அந்தக் கொலைகளில் குற்றம் சாட்டப்பட்ட காங்கிரஸ் தலைவர் சஜ்ஜன் குமாருக்குத் தண்டனை கிடைக்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தாமதத்தில்தான் பிரிவினை பேசுவோருக்குக் கேட்கும் காதுகள் கிடைத்தன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சட்டங்களும் வேறு. கனடாவில் கியூபெக் மாகாணம் பிரிந்து போகலாமா என்று 1980-லும் 1995-லும் வாக்கெடுப்பே நடந்திருக்கிறது. இரண்டாம் முறை ஏறக்குறைய ஒரு விழுக்காட்டு வித்தியாசத்தில் நாடு தப்பியது. பிரிவினை கோரும் கட்சி அந்நாட்டு நாடாளுமன்றத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. இந்தியாவிலோ 1963-இல் வந்த 16-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நாட்டின் ஒருமைப்பாட்டுக்காகப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த இடம் கொடுத்தது. அந்தத் திருத்தம் வரக் காரணமாக இருந்தவற்றுள் முதன்மையானது நம் திராவிட நாடு கோரிக்கை. அண்ணா அதைக் கைவிட்டதும் அந்த ஆண்டில்தான். ஒரே முழக்கம் கனடா தலைநகர் ஒட்டாவாவில் அன்றாட அரசியலாகவும் டெல்லியில் நாட்டின் மீதான தாக்குதலாகவும் கேட்பதற்குக் காரணம் இதுவே.

கேள்வி: எல்லாம் சீக்கியர் ஓட்டுக்காக ட்ரூடோ ஆடிய நாடகம் என்பது சரிதானே?
– வாசகர், தேவகோட்டை

பதில்: பாதி சரி. 2021 கணக்கெடுப்பின்படி கனடாவில் சுமார் 7.7 லட்சம் சீக்கியர்கள் இருக்கிறார்கள். மக்கள்தொகையில் இரண்டு விழுக்காட்டுக்குச் சற்று அதிகம், இந்தியாவில் உள்ள விகிதத்தைவிடக் கூடுதல். பிராம்ப்டன், சர்ரே போன்ற இடங்களில் அவர்கள் செறிந்து வாழ்வதால் தொகுதிகளில் செல்வாக்கு உண்டு. ட்ரூடோவின் சிறுபான்மை அரசு சீக்கியரான ஜக்மீத் சிங்கின் புதிய ஜனநாயகக் கட்சி ஆதரவில் நின்றதும் உண்மை. ஆனால் தன் குடிமகன் ஒருவன் தன் மண்ணில் சுட்டுக் கொல்லப்படும்போது, அதில் அயல்நாட்டுக்குத் தொடர்பு உண்டு என்று சொந்த அதிகாரிகளே சொன்னால், எந்தப் பிரதமரும் வாய் மூடி இருக்க முடியாது.

2024 மே மாதம் இந்தியர் நால்வர் கைது செய்யப்பட்டு, நிஜ்ஜர் கொலை வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றது. அக்டோபர் 14 அன்று இரு நாடுகளும் தூதரக அதிகாரிகளில் ஆறு ஆறு பேரை வெளியேற்றின. கனடா தந்ததில் சான்று எதுவும் இல்லை என்பது இந்தியாவின் நிலை. அமெரிக்காவில் காலிஸ்தான் ஆதரவாளர் குர்பத்வந்த் சிங் பன்னூனைக் கொல்லச் சதி என்று அந்நாட்டு அரசு வழக்குத் தொடுத்தபோது மட்டும் இந்தியா விசாரணைக் குழு அமைத்தது. என் கருத்து: நாடாளுமன்றத்தில் அறிவிக்கும் முன்பே வழக்குக்கு வேண்டிய சான்றைக் கனடா திரட்டியிருக்க வேண்டும், வாஷிங்டனுக்குக் காட்டிய பொறுமையை இந்தியா ஒட்டாவாவுக்கும் காட்டியிருக்க வேண்டும்.

கேள்வி: வியாபாரம் பாதித்ததா?
– அரிசி ஆலை உரிமையாளர், புதுவயல்

பதில்: பெரிதாக இல்லை. கனடாவின் மைசூர் பருப்பும் மஞ்சள் பட்டாணியும் வந்துகொண்டுதான் இருந்தன. வர்த்தக ஒப்பந்தப் பேச்சு மட்டும் 2023-இல் நின்றது. ட்ரூடோவுக்குப் பின் மார்க் கார்னி கனடா பிரதமரானதும், 2025 ஜூனில் ஆல்பர்ட்டாவில் நடந்த ஜி-7 மாநாட்டில் மோதியும் அவரும் சந்தித்து, தூதர்களை மீண்டும் அமர்த்த ஒப்புக்கொண்டார்கள்.

கேள்வி: அதே பிராம்ப்டனில் ஈழத்தமிழர் இனப்படுகொலை நினைவகம் எழுப்ப, இலங்கை கோபித்துக்கொண்டது. நமக்கு ஒரு நியாயம், சீக்கியருக்கு ஒரு நியாயமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், கோட்டையூர்

பதில்: ஐயா, கேட்க வேண்டிய கேள்வி. 2025 மே மாதம் அந்த நினைவகம் திறக்கப்பட்டபோது இலங்கை வெளியுறவு அமைச்சர் கனடா தூதரை அழைத்து எதிர்ப்புத் தெரிவித்தார். தமிழ் இனப்படுகொலை பற்றிய கல்வி வாரத்துக்கு ஒன்டாரியோ மாகாணம் 2021-இல் சட்டம் இயற்றியதையும் கொழும்பு எதிர்த்தே வந்திருக்கிறது. டெல்லியின் முறையீடும் கொழும்பின் முறையீடும் கேட்க ஒரே மாதிரி இருப்பது உண்மைதான்.

அளவுகோல் ஒன்றாகவே இருக்கட்டும். இறந்தவர்களை நினைப்பது எந்த இனத்துக்கும் உரிமை; 1984-இல் மாண்ட சீக்கியருக்குக் குருத்வாராவில் அஞ்சலி செலுத்துவதும், முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களுக்குப் பூங்காவில் கல் நாட்டுவதும் ஒன்றே. கொலை செய்தவனைப் போற்றுவதும் அந்தக் கொலையை ஊர்வலத்தில் நடித்துக் காட்டுவதும் அந்த உரிமையில் சேராது. விடுதலைப்புலிகளைக் கனடா 2006-இல் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகும் அங்குள்ள தமிழர்கள் இறந்தவர்களுக்காக விளக்கேற்றுவதை அது தடுக்கவில்லை. அந்த நினைவகமே கூடாது என்ற கொழும்பின் நிலையை நான் ஏற்கவில்லை. இந்திராவின் கொலையைக் காட்டிய வண்டியைக் கண்டித்த இந்தியாவின் குரலை முழுமையாக ஏற்கிறேன். அன்று இந்தியாவிலிருந்த கனடா தூதரும் அதைக் கண்டித்தார் என்பதை நம் பத்திரிகைகள் போதிய அளவு எழுதவில்லை.